வலிக்காத கட்டி!

2023-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி அமெரிக்கப் பாடகர் ஜிம்மி பப்பெட் காலமானார். அவருக்கு வயது 76. கடலையும் வெயிலையும் கொண்டாடிப் பாடிப் பெரும் பணக்காரர் ஆனவர் அவர். அவரைக் கொன்றது எது? தோலில் வரும் ஓர் அபூர்வமான புற்றுநோய்! அதனுடன் 4 ஆண்டுகள் போராடினார்.

அந்த நோயின் பெயர் "மெர்க்கல் செல்" புற்றுநோய். 1875-ல் தோலில் உள்ள ஒருவகை நுண்ணிய அணுக்களைப் பற்றி எழுதிய ஜெர்மன் அறிஞர் மெர்க்கலின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது.

யாருக்கு வரும்?

பெரும்பாலும் வயதானவர்களுக்கு. அதிலும் வெயிலில் நெடுநாள் அடிபட்ட வெள்ளைத் தோல்காரர்களுக்கு. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 3 ஆயிரம் பேருக்கு வருகிறது. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மிக அபூர்வம். ஆனால், அபூர்வம் என்றால் வரவே வராது என்று பொருள் அல்ல.

2008-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இந்தக் கட்டிக்குள் ஒரு வைரஸ் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அது நம்மில் பலருடைய தோலிலும் சும்மா இருக்கும் கிருமிதான். ஆகவே நோயாளியைத் தொட்டால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்பட வேண்டாம்.

எப்படி இருக்கும்?

முகம், கழுத்து, கை போன்ற இடங்களில் சிவப்பாகவோ ஊதாவாகவோ ஒரு சின்னக் கட்டி தோன்றும். வலி இராது. ஆனால் வாரத்துக்கு வாரம் வளரும்.

வலிக்கவில்லை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து! வலித்தால் உடனே டாக்டரிடம் ஓடுவோம். வலிக்காவிட்டால் "கொழுப்புக் கட்டி" என்று விட்டுவிடுவோம். அதற்குள் நோய் பரவிவிடும்.

ஆபரேஷன் எப்படி?

முதலில் கட்டியிலிருந்து ஒரு துணுக்குச் சதையை எடுத்துச் சோதிப்பார்கள். நோய் உறுதியானால் ரண சிகிச்சை. கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. சுற்றிலும் 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். களையைப் பிடுங்கும்போது வேரோடு மண்ணையும் தோண்டி எடுப்பது போல!

அடுத்தது மிக முக்கியம். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது அல்லவா? புற்றுநோயும் முதலில் அந்த வழியாகத்தான் போகும். கட்டியின் அருகே சாயமும் கதிர் வீசும் மருந்தும் ஊசியால் போடுவார்கள். அவை முதலில் எந்த முடிச்சில் போய்ச் சேருகின்றனவோ, அந்த முடிச்சை எடுத்துச் சோதிப்பார்கள். கையால் தடவினால் எதுவும் தெரியாதவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அங்கே நோய் ஒளிந்திருக்கும்!

பிறகு பலருக்குக் கதிர் சிகிச்சை தருவார்கள். "கரண்டு வைப்பது" என்று மக்கள் சொல்வது இதைத்தான். இந்த நோய் கதிருக்கு நன்றாகவே அடங்கும். உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்துகளும் 2017 முதல் அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்துவிட்டன.

இந்த வயதில் எதற்கு?

"இத்தனை வயதுக்கு மேல் கத்தி எதற்கு?" என்று வீட்டில் சொல்வார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அது தவறு! சின்னக் கட்டியாக இருந்தால், அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டே பல சமயம் எடுத்துவிடலாம். தாங்குமா, தாங்காதா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். வயதை மட்டும் பார்த்து நாமே முடிவு செய்யக்கூடாது.

ஆபரேஷனோடு வேலை தீர்ந்துவிடாது. நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் 2, 3 ஆண்டுகளில் திரும்பும். ஆகவே டாக்டர் சொன்ன தேதியில் தவறாமல் போய்க் காட்ட வேண்டும்.

தாத்தா, பாட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது தோலையும் கொஞ்சம் பாருங்கள். புதிய கட்டி இருக்கிறதா? வேகமாக வளர்கிறதா? சுண்ணாம்பு தடவாதீர்கள். சூடு போடாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

பத்தில் ஒன்பது கட்டிகள் சாதாரணமாகவே இருக்கட்டும். அதைச் சொல்ல வேண்டியவரும் டாக்டர்தான்!