திட்டும் நேரத்தில் 1930-ஐ அழையுங்கள்

பணத்தைப் பறிகொடுத்து நிற்பவரிடம் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "இவ்வளவு படிச்சும் எப்படி ஏமாந்தீங்க?" என்பதுதான். வங்கிக் கவுன்ட்டரிலேயே காலத்தைக் கழித்து ஓய்வுபெற்றவள் நான். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் இரண்டு மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மீட்டிருக்கக்கூடிய பணமும் அந்த இடைவெளியில்தான் கைவிட்டுப் போகிறது.

'டிஜிட்டல் கைது' மோசடியையே எடுத்துக்கொள்வோம். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் சிக்கியது, உங்கள் ஆதாரில் தொடங்கிய கணக்கில் கறுப்புப் பணம் புழங்குகிறது என்று போன் வரும். வீடியோ காலில் காக்கிச் சட்டை தெரியும். நீதிமன்ற முத்திரை போட்ட காகிதம் வாட்ஸ்அப்பில் வந்து விழும். போனைத் துண்டிக்கக் கூடாது, மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது என்று உத்தரவு போடுவான். மொத்த ஏமாற்றும் இந்தக் கடைசி உத்தரவை நம்பித்தான் நடக்கிறது. இன்னொருவர் காதில் விழுந்தால் குட்டு உடைந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் கிளைக்குப் பல வருட வாடிக்கையாளர். வந்தால் உட்கார்ந்து பென்ஷன் பற்றிப் பேசாமல் போகமாட்டார். ஒருநாள் பிக்சட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே முடித்து, முழுத் தொகையையும் ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்ப வேண்டும் என்று வந்தார். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்த போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே நின்றார்.

"யாருக்கு சார் அனுப்புறீங்க?"

"சொந்தக்காரங்களுக்கும்மா."

சலானில் இருந்ததோ வடமாநிலத்து டிரேடிங் கம்பெனி ஒன்றின் நடப்புக் கணக்கு. 'போனில் யாராவது மிரட்டுகிறார்களா?' என்று துண்டுத்தாளில் எழுதி அவர் பக்கம் நகர்த்தினேன். படித்ததும் கண் கலங்கிவிட்டது. போனை வாங்கி அணைத்தேன். அன்று பணம் தப்பியது. இப்படி இரண்டு வார்த்தை கேட்க ஊழியருக்கு நேரம் வேண்டும். வரிசை நீள்கிறது என்று அவரை விரட்டாத மேலாளரும் வேண்டும். வயதானவர் வைப்புத்தொகையை அவசரமாக உடைக்க வந்தால், தனியே அழைத்துப் பேசுவதை எல்லா வங்கிகளும் கட்டாயமாக்க வேண்டும்.

நம் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். எந்த அதிகாரியும் வீடியோ காலில் கைது செய்வதில்லை, 'சரிபார்க்க' என்று பணம் கேட்பதுமில்லை.

பணம் போய்விட்டதா? அடுத்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பறித்த பணம் முதல் கணக்கில் அதிக நேரம் தங்காது. வாடகைக்கு வாங்கிய பல கணக்குகளுக்குப் பிரிந்து, ஏடிஎம்மில் எடுக்கப்படும், கிரிப்டோவாகவும் மாறும். நீங்கள் புகார் சொன்னதும் அந்தந்த வங்கிகளுக்குத் தகவல் போய், எஞ்சியிருப்பது முடக்கப்படுகிறது. கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அவமானப்பட்டு அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

உங்கள் வங்கியிலும் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, ஓடிபி-யை நீங்களே சொல்லிவிட்டிருந்தால்கூட, புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. உங்கள் மீதோ வங்கி மீதோ தவறில்லாமல் வேறெங்கோ நடந்த குளறுபடியால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தாலே உங்களுக்கு இழப்பில்லை. "கட்டணம் கட்டினால் போன பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று பிறகு ஒருவன் வருவான். அவனும் திருடன்தான்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவோ அம்மாவோ தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வந்தால், "ஏன் நம்பினீங்க?" என்று தொடங்காதீர்கள். "எந்த அக்கவுன்ட்ல இருந்து, எப்போ போச்சு?" என்று கேளுங்கள். கேட்டுக்கொண்டே 1930-ஐ அழுத்துங்கள்.