மூளை வளரும் வயதில் வேலைக்குப் போகும் மலையகப் பிள்ளைகள்

2021 ஜூலை 15 அன்று டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருவர் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உயிரிழந்தார். முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலைக்கு இருந்தபோது எரிகாயங்களுக்கு உள்ளானவர். மலையகத்திலும் வடக்கிலும் மக்கள் நீதி கேட்டு வீதிக்கு வந்தார்கள். அந்த வயதில் வீட்டையும் பாடசாலையையும் விட்டுப் பிரிவது ஒரு பிள்ளையின் மனதை என்ன செய்யும் என்பது அதிகம் பேசப்படவில்லை.

உளநோய்களில் பாதி 14 வயதளவில் தொடங்கிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறிவந்துள்ளது. அச்சம், கோபம், ஆசை போன்றவற்றை எழுப்பும் மூளைப் பகுதிகள் பதின்ம வயதில் வேகமாக இயங்குகின்றன. அவற்றை நிதானப்படுத்தும் முன்மூளை முழுமையாக முதிர 25 வயதளவு ஆகிறது. அதுவரை பெற்றோர், ஆசிரியர், நண்பர்களின் துணைதான் பிள்ளைக்குப் பிடிமானம். கொழும்பு வீட்டு வேலை அந்தத் துணை அனைத்தையும் ஒரே நாளில் அறுக்கிறது.

தோட்டங்களில் இழப்பு அதற்கு முன்பே ஆரம்பிக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் 17 வீதம். தோட்டங்களில் ஏறத்தாழ 32 வீதம். உயரத்தைக் குறைக்கும் அதே போசாக்கின்மை மூளை வளர்ச்சியையும் பாதிக்கிறது. தாய் கொழுந்து பறிக்கப் போனால் குழந்தை பிள்ளைக்காம்பராவில். வெளிநாடு போனால் பாட்டியிடம்.

போரை அனுபவித்த நமக்கு இது புதிய பாடமல்ல. வடக்கு, கிழக்கின் 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு, போரும் சுனாமியும் மட்டுமன்றி வீட்டு வன்முறையும் அவர்களின் மனவடுவுக்குக் காரணமாக இருந்ததைக் காட்டியது. தந்தையின் குடிப்பழக்கம் அந்த வன்முறையுடன் தொடர்புபட்டிருந்தது. குண்டு விழாத லயத்திலும் பிள்ளையின் மனம் காயப்படும்.

கட்டாயக் கல்வி வயது 2016இலும் வேலைக்கான ஆகக்குறைந்த வயது 2021இலும் 16ஆக உயர்த்தப்பட்டன. நல்லதே. ஆனால் 16ஆவது பிறந்தநாளுடன் மூளை முதிர்ந்துவிடுவதில்லை. சாதாரண தரத்தில் தவறும் பிள்ளைக்கு அடுத்த வழி என்ன என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

தோட்டப் பாடசாலைகளுக்குத் தமிழ் பேசும் உளவள ஆலோசகர்கள் வேண்டும். வரவு குறையும் பிள்ளையின் வீட்டுக்கு அந்த வாரமே ஒருவர் போகவேண்டும். இடைவிலகுவோருக்கு ஊருக்கு அருகிலேயே தொழிற்பயிற்சி வேண்டும். வளரும் மூளை எளிதில் காயப்படுவது போலவே, உரிய துணை கிடைத்தால் மீளவும் வல்லது. அந்தத் துணையைப் பிள்ளை கொழும்புக்கு பஸ் ஏறுவதற்கு முன் கொடுக்கவேண்டும்.

(உளநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929 ஆகிய இலக்கங்களை அழைக்கலாம்.)