நெல் திருவிழாவும் நம் சங்கங்களும்

ஆண்டுக்கொருமுறை நடைபெறும் விவசாயப் பொருட்காட்சிகளால் ஊராருக்கு விளையும் பயன் யாது என்று கேட்கும் அன்பர்கள் நம்மிடையே பெருகி வருகின்றனர். இரண்டு நாள் வேலை கெடுகிறது. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் செலவாகிறது. முடிவில் பொரியும் பஞ்சு மிட்டாயும் விற்றவருக்கே லாபம். இஃது அவர்களுடைய கணக்கு. சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டுவதையே தொழிலாகக் கொண்ட நாம் இக்கணக்கை எளிதில் தள்ளிவிட இயலாது. பல பொருட்காட்சிகளைப் பொறுத்தவரை அது சரியான கணக்கே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் நடைபெற்ற பொருட்காட்சிக்கு நாம் சென்றிருந்தோம். வாயிலிலேயே மிகப் பெரிய பூசணிக்காய் ஒன்று முதற்பரிசு பெற்று வீற்றிருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் பரிசளித்த பிரமுகரின் பெயர் கொட்டை எழுத்தில் காணப்பட்டது. விளைவித்தவர் யார், எந்த விதை, எந்த மண், எத்தனை நாட் பயிர் என்பன ஒன்றும் காணப்படவில்லை. நம்முடன் நின்ற முதிய குடியானவர் ஒருவர், "இதற்கு விதை எங்கே கிடைக்கும், ஐயா?" என்று காவலிருந்த இளைஞரை வினவினார். அவருக்குத் தெரியவில்லை. பெரியவர் சற்று நேரம் காயைப் பார்த்துவிட்டு அப்பால் சென்றார். அப்பொருட்காட்சியால் அவருக்குக் கிடைத்தது அவ்வளவே.

நெசவாளத் தோழர்களும் இதில் நம்மோடு உடன்படுவர் என்றே எண்ணுகிறோம். கைத்தறிக் கண்காட்சி என்றாலே தள்ளுபடி விற்பனை என்று பொருளாகிவிட்டது. சேலையின் விலையும் தள்ளுபடியும் எழுதியிருக்கும். பாவு எத்தனையாம் நம்பர் நூல், சாயம் எது, நெய்தவர் எவ்வூரார் என்பதை அறியப் பக்கத்து ஊர் நெசவாளி விரும்பினால் அவர் துணியைப் பிரித்துப் பார்த்தே கண்டுகொள்ள வேண்டும். விற்பனை வேண்டாமென்று நாம் கூறவில்லை. தறி ஓடுவதற்கு அதுவும் வேண்டும். ஆயினும் கடை வேறு, காட்சி வேறு.

இவற்றினின்று முற்றிலும் மாறுபட்டதொரு விழாவைத் திருவாரூர் மாவட்டத்துத் திருத்துறைப்பூண்டி வட்டாரம் நமக்குக் காட்டியிருக்கிறது. கட்டிமேட்டைச் சேர்ந்த 'நெல்' ஜெயராமன் அவர்கள், இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வார் அவர்களின் தூண்டுதலால் ஊர் ஊராகச் சென்று மறைந்துகொண்டிருந்த நெல் ரகங்களைத் திரட்டினார். அவர் சேர்த்தவை 150க்கும் மேற்பட்டவை. மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி, காட்டுயானம், பூங்கார், தூயமல்லி, குழியடிச்சான் என்று அவற்றின் பெயர்களைக் கேட்டாலே பழைய களத்துமேட்டின் மணம் வீசும். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே ஆதிரெங்கத்தில் அவர் தொடங்கிய விழாவே நெல் திருவிழா. கோடையில், சம்பா விதைப்புக்கு முன்னர் இது கூடும். வரும் விவசாயிக்கு இரண்டு கிலோ விதை விலையின்றிக் கொடுக்கப்படும். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும். விழாவின் உயிர் இவ்வொரு விதியிலே அடங்கியுள்ளது.

கடன் சங்கத்துக் கண்கொண்டு இவ்விதியைப் பார்ப்போம். நூற்றுக்கு நூறு வட்டி! எந்த லேவாதேவிக்காரரும் இவ்வளவு கேட்கத் துணியார். ஆனால் ஒற்றை நாற்று நடவில் ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதையே போதுமாதலால், வாங்கிச் சென்ற இரண்டு கிலோ ஏறக்குறைய ஓர் ஏக்கரை நிரப்பும். கண்டுமுதலாகும் பல நூறு கிலோவில் நான்கு கிலோ என்பது களத்தில் குருவி கொத்திச் செல்லும் அளவு. கொடுப்பவருக்குச் சுமையில்லை; வாங்கும் களஞ்சியமோ ஆண்டுக்கு இருமடங்காகிறது. யாவரும் தவறாது திருப்பினால், இன்று ஒருவர் பெறும் விதை ஐந்தாம் ஆண்டில் 32 பேருக்கும் பத்தாம் ஆண்டில் 1,024 பேருக்கும் எட்டும். இன்னொன்றும் காண்க. வாங்கியவருள் பாதிப்பேர் திருப்பாமற் போனாலும் முதல் குறையாது! பாதி கடன் வாராக்கடனாகியும் முதல் அழியாத சங்கம் ஒன்றை நம் பணிக்காலத்தில் நாம் தணிக்கை செய்ததில்லை.

அப்படியாயின் ஆபத்து எங்கே உள்ளது? தராசில் இல்லை, விதையின் தூய்மையில் உள்ளது. நான்கு கிலோ சரியாக நிறுத்துத் தருபவர், வயலில் வேற்று ரகக் கதிர்களைக் களையாது விட்டிருப்பின் அவர் தருவது கலப்பு நெல். அது மேலும் இருவர் வயலுக்குப் போகும். சில ஆண்டுகளில் மூட்டையின்மேல் தூயமல்லி என்ற பெயர் மட்டுமே எஞ்சும். சான்று பெற்ற நெல் விதைக்கு 98 சதவிகிதத் தூய்மையும் 80 சதவிகித முளைப்புத் திறனும் வேண்டுமென்பது அரசு விதித்துள்ள அளவு. நாட்டு ரகங்களுக்கு இத்தகைய காவல் பெரும்பாலும் கிடையாது. அவற்றிற்கு அமையக்கூடிய காவல் ஊரார் கண் ஒன்றே.

ஆண்டு விழா எதற்கு என்னும் வினாவுக்கு நமது விடை இங்கேதான் பிறக்கிறது. வாங்கியவர் பெயரைச் சொல்லி அழைத்து, அவர் கொணர்ந்த விதையைப் பாயில் பரப்பி, பலர் நடுவே பார்ப்பதற்குரிய நாள் அது. அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் ஒரு பிடியை அள்ளி உள்ளங்கையில் தேய்த்து, இரண்டு மணியைக் கடித்துப் பார்த்து, "சிவப்பரிசி கலந்திருக்கிறதே, தம்பி" என்று சொல்லும் சொல்லுக்கு அஞ்சியே அடுத்த ஆண்டு அத்தம்பி வரப்பில் இறங்கிக் கலவன்களைப் பிடுங்குவார். கைப்பேசியிற் காணும் படங்கள் இதனைச் செய்யமாட்டா. படத்தை நோக்கி, "காற்றில் சாய்ந்ததா? எத்தனை நாளில் அறுத்தீர்?" என்று கேட்டு, பதில் கூறுபவர் முகத்தைப் பார்த்து உண்மையறிய முடியுமோ?

பழையன யாவும் பொன் என்று பாடுவோருடன் நாம் சேரவில்லை. 1960களில் ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 போன்ற ரகங்கள் வந்து நாட்டின் பசியைத் தணித்தன. அவற்றை இகழ்வது நன்றி மறத்தலாகும். நாட்டு ரகங்கள் பலவும் உயர்ந்து வளர்ந்து சாயும் இயல்பின. காட்டுயானம் போன்றவை ஆறு மாதம் வயலை அடைத்துக்கொள்ளும். விளைச்சலும் பொதுவில் குறைவே. விழாப் பந்தல்களில் சிலர் ஒலிபெருக்கி வைத்து, இன்ன அரிசியை உண்டால் இன்ன நோய் பறந்துவிடும் என்று முழங்குவது நமக்குச் சிறிதும் உடன்பாடன்று. நெல்லுக்கு அவ்வளவு புளுகு வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகை வயல்களில் உப்பைக் கொட்டிச் சென்றபோது, உவர் தாங்கும் குழியடிச்சான் போன்றதொரு விதையின் அருமை விளங்கிற்று. அத்தகைய நாளில் விதை எங்கோ ஒரு குடியானவர் குதிரில் உயிரோடு இருக்கவேண்டும். இருக்கும் இடமும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கஜா புயல் கரையேறிய மூன்றாம் வாரத்தில், 2018 டிசம்பர் 6ஆம் நாள் ஜெயராமன் அவர்கள் மறைந்தார். அவருக்குப் பின்னும் விழா நடந்தது. ஒருவருக்குப் பின்னும் ஒரு முயற்சி நடக்குமாயின் அதில் கூட்டுறவின் தன்மை உண்டென்று கொள்ளலாம். எனினும் தொண்டர்கள் சிலருடைய நினைவையும் உழைப்பையும் மட்டுமே நம்பி அதனை விட்டுவைத்தல் தகாது. இங்கேதான் நம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைப்பற்றி நமக்கு மனக்குறை உண்டு. ஊர்தோறும் கட்டடம் உண்டு, தராசு உண்டு, கிடங்கு உண்டு, பதிவேடு எழுதப் பழகிய கை உண்டு. விழா நடக்கும்போது அவை யாவும் பூட்டிக் கிடக்கின்றன. அழைப்பிதழில் தலைவர் பெயர் மட்டும் காணப்படுகிறது.

சட்டம் தடுக்குமோ என்று செயலாளர்கள் சிலர் நம்மிடம் ஐயுற்றுக் கேட்டதுண்டு. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, தன் வயலில் விளைந்த விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பிறரோடு மாற்றிக்கொள்ளவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை வழங்கியிருக்கிறது. சட்டப்படி காக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிக முத்திரையிட்ட பையில் அடைத்து விற்றலே கூடாது. நாம் பேசுவதோ விற்பனையே அன்று.

ஆதலால், விழா நடக்கும் வட்டாரத்துச் சங்கம் ஒவ்வொன்றும் விதைக்கென ஒரு தனிப் பதிவேடு தொடங்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். பெற்றவர் பெயர், ரகம், எடை, சர்வே நம்பர், நட்ட நாள், அறுத்த நாள், திருப்பிய எடை, முளைப்பு எண்ணிக்கை ஆகியவற்றிற்குப் பத்திகள் இருந்தாற் போதும். முளைப்புப் பார்க்க ஆய்வுக்கூடம் தேடியலைய வேண்டியதில்லை. நூறு மணிகளை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, முளைத்தவற்றை எண்ணினால் ஏறத்தாழ உண்மை தெரிந்துவிடும். விழா நாளில் அப்பதிவேட்டை உறுப்பினர் முன் உரக்கப் படிக்கவேண்டும். பரிசு கொடுப்பதானால் பெரிய பூசணிக்காய்க்கு வேண்டாம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கலப்பின்றித் திருப்பியவருக்குக் கொடுக்கட்டும்.

இதில் நெசவாளர் சங்கங்களுக்கும் ஒரு வேலை உண்டு. இன்று விதையைப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்துத் தருவோர் பலர். நன்கு காயாத நெல் அதனுள் வியர்த்து முளைப்புத் திறனை இழக்கிறது. இரண்டு கிலோ கொள்ளும் முரட்டுப் பருத்திப் பை, வாயில் ஒரு கயிறு, ரகத்தின் பெயர் எழுதத் துணிப்பட்டை ஒன்று; இவ்வளவே தேவை. அதே பை அடுத்த ஆண்டு திரும்பி வரும். ஆனால் நான்கு கிலோவுக்கு இடம் போதாதாகையால் இரண்டு பைகளாக வரும். அவ்விரண்டாம் பையை விவசாயி நெசவாளர் சங்கத்தில் விலைகொடுத்து வாங்கட்டும். முதலாண்டுக்கு, தறியில் எஞ்சிய துண்டுத் துணிகளே போதும்.