தடை போதும், தாலுகாவில் போட்டி நடத்துங்கள்

தறிச் சத்தம் ஓய்ந்த அருப்புக்கோட்டைத் தெருவிலோ, திருச்சுழிப் பக்கம் ஓர் ஊருணிக் கரையிலோ நாலு பையன்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தால், அவர்கள் பாராசூட்டில் ஏதோ ஒரு தீவில் குதித்திருக்கிறார்கள் என்று பொருள். “ஜோன் சுருங்குதுடா, வண்டிய எடு” என்று ஒருவன் கத்துவான். “உருப்படாத பயலுக” என்று முனகியபடி பெரியவர்கள் கடந்து போவார்கள். அந்த முனகலோடு நமக்கு உடன்பாடு இல்லை.

அவர்கள் ஆடும் பப்ஜி மொபைலின் ஒரு வடிவம் 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாக நடந்தது. 2026 ஐச்சி-நகோயா பட்டியலிலும் இருக்கிறது. ஹாங்சோவுக்கு இந்தியா நான்கு இ-ஸ்போர்ட்ஸ் ஆட்டங்களுக்கு வீரர்களை அனுப்பியது. அவற்றில் இது இல்லை. இங்கே இந்த ஆட்டம் பட்ட பாடு அப்படி. 2020 செப்டம்பர் 2 அன்று 118 செயலிகளில் ஒன்றாகப் பப்ஜி மொபைலுக்குத் தடை. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் மறுபிறவி. 2022 ஜூலையில் அதுவும் மறைந்து, 2023 மே மாதம் திரும்பியது. நடுவில் 2022 பிப்ரவரியில் இதே வகை ஆட்டமான ஃப்ரீ ஃபயரும் தடையில் போனது. தேசப் பாதுகாப்பைக் காரணமாகச் சொன்னால் அதை எதிர்த்து வாதாட நாம் இல்லை. ஆனால் விதி இன்னதென்று தெரியாத களத்தில் எந்தப் பயிற்சியாளர் ஒரு பையனை மூன்று வருடம் பழக்குவார்?

பிலிப்பைன்சைப் பாருங்கள். மொபைல் லெஜண்ட்ஸ் என்ற இன்னொரு கைப்பேசி ஆட்டத்தின் உலகப் போட்டியில் எம்2 பதிப்பு தொடங்கி எம்6 வரை தொடர்ந்து ஐந்து முறை பட்டம் வென்றவை அந்நாட்டு அணிகள். 2019 தென்கிழக்காசிய விளையாட்டைத் தன் மண்ணில் நடத்தியபோதே இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கம் வைத்த நாடு அது. நாமோ 2020 ஜூனில் தடை செய்த முதல் 59 செயலிகளில் அந்த ஆட்டத்தையும் சேர்த்துவிட்டோம்.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் இந்தக் குழப்பத்தைப் பாதி தீர்த்திருக்கிறது. பணம் கட்டி ஆடும் ஆட்டத்துக்குத் தடை. இ-ஸ்போர்ட்ஸுக்கு அங்கீகாரமும் ஊக்கமும். ரம்மியில் சொத்தையும் உயிரையும் இழந்த குடும்பங்களைப் பார்த்த தமிழ்நாட்டுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. 2022இலேயே இங்கே தனிச் சட்டம் இயற்றினோம். ஆனாலும் ஒரு சந்து திறந்தே கிடக்கிறது. துப்பாக்கிக்குப் புது வர்ணம் கிடைக்குமா என்று காசு கொடுத்து ‘கிரேட்’ எனும் மர்மப் பெட்டியைத் திறப்பது திறமையில்லை, குருட்டு அதிர்ஷ்டம். அப்பாவின் கணக்கிலிருந்து பணம் போவது அந்த வழியாகத்தான். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதை முழுமையாக மூட வேண்டும். ஆட்ட நிறுவனம் சிறுவர்களுக்கு வைத்திருக்கும் நேரக் கட்டுப்பாட்டை நம்பிப் பயனில்லை. மாமா நம்பரைப் போட்டால் தாண்டிவிடலாம் என்பது எந்தப் பையனுக்கும் தெரியும்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். இது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் தறி, நூற்பாலை, கரிமூட்டம், இல்லையென்றால் வெளியூர் மளிகைக் கடை. (பிஜிஎம்ஐயின் மிராமர் பாலைவனத்தில் இறங்கும் திருச்சுழிப் பையனுக்கு ஊரை விட்டுப் போன மாதிரியே இருக்காது.) பந்து, வலை, மைதானம் என்று எதுவும் இல்லாமல் உலகப் போட்டியை எட்டிப் பார்க்கக்கூடிய ஆட்டம் இது. ஆனால் சர்வதேசப் போட்டி என்பது பதினாறு அணிகள், அறுபத்து நான்கு பேர், ஒரே நாளில் பல சுற்றுகள். இரண்டு ஆட்டத்திலேயே சூடேறித் திணறும் போனை வைத்துக்கொண்டு அதற்குத் தயாராக முடியாது. வீட்டுக்குள் சிக்னல் நிற்காத ஊர்களில் பிங் எனும் இணையத் தாமதம் இருநூறைத் தாண்டிச் சிவப்பாகிறது. இவன் சுடுவதற்கு முன்பே எதிராளியின் குண்டு பட்டுவிடுகிறது. அது தோல்வி இல்லை, டவர் இல்லாத குறை.

விருதுநகர் மாவட்ட நிர்வாகம் கோடை விடுமுறையில் அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் ஒரு தாலுகாப் போட்டி நடத்தட்டும். ஃபைபர் இணைப்பு உள்ள ஓர் அரசு அரங்கும், எல்லாருக்கும் ஒரே வகை போனும் போதும். பகலில் மட்டும் ஆட்டம், சிறுவர்களுக்குப் பெற்றோர் கையொப்பம், நுழைவுக் கட்டணம் ஒரு பைசாகூடக் கூடாது. கபடிக்கு ஒதுக்கிய பணத்தில் கை வைக்காமல் இதைச் செய்ய வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: அன்றைக்கு அரங்குக்கு வந்து, பிள்ளை என்ன ஆடுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.