சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்: பில் கட்டுறது பிள்ளையோட உடம்பு

1/ நீளமான த்ரெட். காலேஜ் படிக்கிற பிள்ளை இருக்குற வீட்டுல எல்லாரும் கடைசி வரைக்கும் படிங்க. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். வெளியூர்ப் பிள்ளைங்களை சென்னைக்கு வரவெச்சு, மாசக்கணக்குல வேலை வாங்கிட்டு, ஒரு ரூபா கூட குடுக்காம சர்டிபிகேட் மட்டும் குடுத்து அனுப்புற இன்டர்ன்ஷிப்பை நிறுத்தணும்.

2/ "டாக்டர், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? மருத்துவம் மட்டும் எழுதுங்க"ன்னு கமெண்ட் வரும். இது மருத்துவம்தாங்க. இன்டர்ன்ஷிப்புக்கு வந்த பிள்ளைங்க எங்கிட்ட வர்றது ரெஸ்யூமே காட்ட இல்ல. காய்ச்சல், மஞ்சள் காமாலை, வாந்தி, மயக்கம், தூக்கமின்மை. வியாதி வேற வேற. ஆனா பின்னாடி இருக்குற கதை எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு.

3/ முதல்ல கணக்கு. ஓஎம்ஆர் பக்கம், வேளச்சேரி, தரமணி, துரைப்பாக்கம், எங்க வேணா விசாரிச்சுப் பாருங்க. மூணு பேர் ஷேரிங் பிஜி, சாப்பாட்டோட சுமார் 8,000 ரூபாய். மாநகரப் பேருந்து மாதப் பாஸ் 1,000. பிஜி சாப்பாடு இறங்காத நாளுக்கு வெளிய சாப்பாடு, சோப்பு, ரீசார்ஜ், இத்யாதி 2,000. ஊருக்கு ஒரு தடவை போய் வர 1,000. ஆக மாசம் 12,000.

4/ ஆறு மாச இன்டர்ன்ஷிப்னா 72,000 ரூபாய். இதுல அட்வான்ஸ் சேர்க்கல. கடைசி செமஸ்டர் பீஸும் சேர்க்கல. அதை காலேஜ் தனியா வாங்கிடும், அந்த ஆறு மாசத்துல பிள்ளை ஒரு நாள் கூட கிளாஸ்ல உட்காரலைன்னாலும்.

5/ இந்த 72,000 யார் குடுக்குறா? கம்பெனி குடுக்கல, காலேஜ் குடுக்கல. அரியலூர்லயோ சங்கரன்கோவில்லயோ இருக்குற அப்பா அம்மா குடுக்குறாங்க. அவங்களால முடியாத பாக்கியை பிள்ளை வயித்தைக் கட்டி சரிக்கட்டுது. நான் பாக்குறது இந்த ரெண்டாவது பகுதியைத்தான்.

6/ எப்படின்னு கேளுங்க. காலையில 7 மணிக்கு பிஜி-யில இட்லி ரெடி ஆகலைன்னா சாப்பிடாம பஸ் ஏறிடுறாங்க. மதியம் ஆபீஸ் கேன்டீன்ல சாப்பாடு 120 ரூபான்னா டீயும் பிஸ்கட்டும். ராத்திரி பத்து மணிக்கு வந்தா மிஞ்சின ஆறின சாதம். நாலு மாசம் இப்படி ஓடினா வயித்து எரிச்சல், தலைசுத்தல்னு வந்து நிப்பாங்க. "எதாவது டானிக் எழுதிக் குடுங்க சார்"னு கேப்பாங்க. சாப்பாட்டுக்குப் பதிலா எழுத எங்கிட்ட டானிக் கிடையாதும்மா.

7/ பெண் பிள்ளைங்க நிலைமை இன்னும் மோசம். தேசிய குடும்ப நல ஆய்வு 5-ன் படி இந்தியாவுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது பாதிக்கு மேல ஊர்ல இருந்து கிளம்பும்போதே ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ. அதுக்கு மேல கீரை, முட்டை, பருப்பு எல்லாத்தையும் குறைச்சு, தினமும் மூணு மணி நேரம் பஸ்ல நின்னா மாடிப்படி ஏறும்போதே மூச்சு வாங்கத்தான் செய்யும்.

8/ அடுத்தது மஞ்சள் காமாலை. ஹெபடைடிஸ் ஏ. மலக்கழிவு கலந்த தண்ணியாலயும் சாப்பாட்டாலயும் பரவுது. கிருமி உள்ள போய் நோய் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகலாம், அதனால எங்க வாங்குனோம்னே தெரியாது. சின்ன வயசுல வந்தா பெரும்பாலும் தெரியாமலே போயிடும். இருபது வயசுல வந்தா படுக்கவெச்சிடும். தனி மருந்து கிடையாது. ஓய்வும், சாப்பாடும், நேரமும்தான் மருந்து.

9/ அந்த ஓய்வு யாருக்குக் கிடைக்குது? கண்ணு மஞ்சளா இருக்குற தம்பிகிட்ட "மூணு வாரம் ஊருக்குப் போயிடுப்பா"ன்னு சொன்னா, "நாள் குறைஞ்சா சர்டிபிகேட் தரமாட்டாங்க சார், அது இல்லன்னா காலேஜ்ல மார்க் போடமாட்டாங்க"ன்னு சொல்றான். கம்பெனி காலேஜைக் கை காட்டுது, காலேஜ் கம்பெனியைக் கை காட்டுது. நடுவுல வீங்கின கல்லீரலோட ஒருத்தன் பஸ்ல நிக்கிறான்.

10/ இப்ப சொல்றதை கவனமா படிங்க, இது உயிர் விஷயம். டெங்கு. பொதுவா காய்ச்சல் வந்த 3-லிருந்து 7 நாளுக்குள்ள சூடு இறங்கும். எல்லாரும் "சரியாயிடுச்சு"ன்னு நினைப்பாங்க. ஆனா சிலருக்கு ஆபத்தான கட்டமே அப்பத்தான் தொடங்குது. ரத்தக்குழாய்ல இருந்து நீர் வெளிய கசியும், ரத்த அழுத்தம் விழும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் ரொம்ப முக்கியம்.

11/ கடுமையான வயித்துவலி, நிக்காத வாந்தி, ஈறுல, மூக்குல ரத்தம், சிறுநீர் குறையறது, ஒரே அசதி அல்லது பதற்றம். இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. மெடிக்கல் ஷாப்ல வலிக்குன்னு சொல்லி ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீங்க. ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

12/ இந்தப் பிள்ளைங்க என்ன பண்றாங்க? மூணு நாள் லீவு போட்டதே பெரிய குத்தம் மாதிரி இருக்குறதால, சூடு இறங்கின அன்னிக்கே லேப்டாப் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுறாங்க. வீட்டுல இருந்தா அம்மா நெத்தியைத் தொட்டுப் பாத்து, கதவைச் சாத்தி, கஞ்சி குடுத்துப் படுக்கவெச்சிருப்பாங்க. பிஜி-யில பக்கத்துக் கட்டில் பையனும் வேலைக்குப் போயிட்டான். மயங்கி விழுந்தா பாக்க ஆள் இல்ல.

13/ "டெங்குவுக்கும் சம்பளத்துக்கும் என்னங்க சம்பந்தம்? சம்பளம் வாங்குறவனுக்கும் கொசு கடிக்குதே"ன்னு கேட்டா, கேள்வி சரிதான். கொசு எல்லாரையும் கடிக்கும். ஆனா சம்பளம் வாங்குறவருக்கு மருத்துவ விடுப்பு இருக்கு. மாசச் சம்பளம் 21,000-க்குள்ள இருந்து, அந்த நிறுவனமும் ஈஎஸ்ஐ வரம்புக்குள்ள வந்தா ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கு. சம்பளமே இல்லாத இன்டர்னுக்கு எதுவும் கிடையாது. கடிச்ச கொசு ஒண்ணு, கையில இருக்குற பாதுகாப்பு வேற.

14/ இப்ப எதிர்வாதங்களுக்கு வர்றேன். முதல் வாதம்: "நாங்களும்தான் கஷ்டப்பட்டோம். டாக்டருங்க நீங்களும் ஹவுஸ் சர்ஜனா நாயா உழைக்கலையா?" உழைச்சோம். நல்லாவே உழைச்சோம். ஆனா அந்த ஒரு வருஷத்தோட பேரையே பாருங்க: கட்டாயச் சுழற்சி உறைவிடப் பயிற்சி. "உறைவிட"ங்கிற வார்த்தை பேர்லயே இருக்கு. நான் பயிற்சி பண்ணும்போது தங்க ரூம் இருந்தது, மெஸ் இருந்தது, மாசா மாசம் ஸ்டைபெண்ட் வந்தது.

15/ அந்த ஸ்டைபெண்டை எல்லா மருத்துவக் கல்லூரியும் ஒழுங்கா குடுக்குதான்னா, இல்ல. ஒரு கல்லூரி மாணவர்கள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2023-ல மாசம் 25,000 ரூபாய் குடுங்கன்னு உத்தரவு வாங்க வேண்டி வந்தது. அவங்க கேட்டது பிச்சை இல்ல, செஞ்ச வேலைக்கான கூலி. அது டாக்டருக்கு நியாயம்னா, இன்ஜினியரிங், பி.காம், விஸ்காம் பிள்ளைக்கு மட்டும் எப்படி பேராசை ஆகும்?

16/ இன்னொண்ணு. நான் கஷ்டப்பட்டேன், அதனால நீயும் படுன்னு சொல்றது அனுபவப் பாடம் கிடையாது. மாமியார் கொடுமைக்கும் இதே நியாயம்தான் சொன்னாங்க.

17/ ரெண்டாவது வாதம்: "அனுபவம் கிடைக்குதே, அதுவே சம்பளம்." அனுபவத்தைக் குடுத்து பிஜி வாடகை கட்ட முடியுமா? பிஜி அண்ணாச்சிகிட்ட "இந்த மாசம் அனுபவம் தர்றேன்"னு சொல்லிப் பாருங்க, பெட்டியைத் தூக்கி வாசல்ல வெப்பாரு. சமையல்காரருக்குச் சம்பளம் குடுக்குறோம், அவருக்கும் சமைச்சு சமைச்சு அனுபவம் கூடத்தான் செய்யுது.

18/ மூணாவது வாதம்: "இன்டர்னால எங்களுக்கு லாபம் இல்ல, கத்துக்குடுக்கவே எங்க ஆள் நேரம் வீணாகுது." இதுல கொஞ்சம் உண்மை இருக்கு. முதல் மாசம் அப்படித்தான் இருக்கும். ஆனா லாபமே இல்லாத ஆளை ராத்திரி 9 மணி வரைக்கும் ஏன் உட்கார வெக்கிறீங்க? ஞாயித்துக்கிழமை ஏன் போன் பண்றீங்க? ஒரு இன்டர்ன் போன மறுநாளே அதே சீட்டுக்கு அடுத்த இன்டர்ன் ஏன் வர்றாரு? கத்துக்குடுக்குறதுன்னா சாயங்காலம் 5 மணிக்கு அனுப்பிடுங்க. ஆள் பத்தலைன்னா சம்பளத்துக்கு ஆள் எடுங்க.

19/ சட்டம் என்ன சொல்லுது? 1961-ல வந்த அப்ரண்டிஸ் சட்டம்னு ஒண்ணு இருக்கு. ஒப்பந்தம், வேலை நேரம், ஸ்டைபெண்ட், வேலையில காயம்பட்டா இழப்பீடு, எல்லாம் அதுல இருக்கு. 2019 விதித் திருத்தத்துல டிகிரி அப்ரண்டிஸுக்கு குறைஞ்சபட்சம் மாசம் 9,000 ரூபாய்னு வெச்சாங்க. 30 பேர், அதுக்கு மேல வேலை செய்யுற நிறுவனம் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்கணும். அப்ப ஏன் எல்லாரும் "இன்டர்ன்"னு பேரு வெக்கிறாங்க? பேரை மாத்தினா பொறுப்பு மாறிடுது. அவ்வளவுதான் ரகசியம்.

20/ இன்னொரு சட்டத்தைப் பாருங்க. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013. அதுல "ஊழியர்"னா சம்பளம் வாங்குறவங்க மட்டும் இல்ல. சம்பளம் வாங்காதவங்களும், பயிற்சியாளரும், வேற எந்தப் பேர்ல கூப்பிட்டாலும் அவங்களும் ஊழியர்தான். இன்டர்னா இருக்குற பெண் பிள்ளைங்க இதை மனப்பாடம் பண்ணிக்கோங்க. 10 பேர், அதுக்கு மேல வேலை செய்யுற இடத்துல புகார் குழு இருக்கணும், நீங்களும் அங்க புகார் குடுக்கலாம்.

21/ ஆக, சம்பளம் வாங்காத இன்டர்னும் ஊழியர்தான்னு நம்ம நாட்டுச் சட்டத்துக்கு 2013-லயே புரிஞ்சிருக்கு. ஒரு விஷயத்துல ஊழியர், கூலின்னு வரும்போது மட்டும் மாணவர். இது எந்த ஊர் நியாயம்?

22/ "பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டம் இருக்கே"ன்னு சொல்வாங்க. 2024 பட்ஜெட்ல அறிவிச்சது, மாசம் 5,000 ரூபாய். அரசே ஒரு தொகை குடுக்கணும்னு ஒத்துக்கிட்டது நல்ல விஷயம். ஆனா முழுநேரமா படிச்சிட்டு இருக்குறவங்க அதுல சேர முடியாது. நான் பேசுற பிள்ளைங்க எல்லாரும் படிச்சிட்டு இருக்குறவங்க. போக, 5,000-க்கு ஓஎம்ஆர்ல எத்தனை நாள் கட்டில் கிடைக்கும்னு மேல இருக்குற கணக்கைப் பாருங்க.

23/ எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற இடம் இதுதான். சென்னையில சித்தி வீடோ மாமா வீடோ இருக்குற பிள்ளை இந்த ஆறு மாசத்தை நிம்மதியா முடிச்சிடும். சூடா சாப்பாடு, காய்ச்சல் வந்தா பாக்க ஆள். சொந்தம் இல்லாத, காசு இல்லாத பிள்ளை பாதியில விட்டுட்டுப் போகும், இல்ல வரவே வராது. அடுத்த வருஷம் இன்டர்வியூவுல "அனுபவம் இருக்கா?"ன்னு கேட்டு முதல் பிள்ளையை எடுப்பாங்க. அதுக்குத் திறமைன்னு பேரு வெப்பாங்க.

24/ முதல் தலைமுறையா காலேஜ் வந்த பிள்ளைக்கு பஸ் பாஸும் ஸ்காலர்ஷிப்பும் குடுத்து கடைசி வருஷம் வரைக்கும் கொண்டு வந்துட்டோம். கடைசி ஆறு மாசத்துல 72,000 ரூபாய்ல ஒரு சுவரு கட்டி வெச்சிருக்கோம்.

25/ சரி, என்ன பண்ணணும்? காலேஜ்களுக்கு: ஸ்டைபெண்ட் இல்லாத வெளியூர் இன்டர்ன்ஷிப்புக்கு கையெழுத்து போடாதீங்க. உள்ளூர்லயே பண்ற பிராஜெக்டுக்கும் அதே மார்க் குடுங்க. டாக்டர் சர்டிபிகேட் இருந்தா நாள் குறைஞ்சாலும் கிரெடிட் குடுங்க. பிள்ளை வகுப்புக்கே வராத செமஸ்டருக்கு முழு பீஸ் வாங்குறதை நிறுத்துங்க.

26/ கம்பெனிகளுக்கு: பிஜி வாடகையும் மூணு வேளை சாப்பாடும் ஆகுற அளவுக்காவது குடுங்க. முடியாதா? வீட்டுல இருந்தே பண்ற மாதிரி வேலை குடுங்க. ரெண்டும் முடியாதுன்னா இன்டர்ன் எடுக்காதீங்க, ஒண்ணும் குடி முழுகிடாது. பிள்ளைங்ககிட்டயே காசு வாங்கிட்டு இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் விக்கிற கும்பலுக்குச் சொல்ல எங்கிட்ட நல்ல வார்த்தை இல்ல.

27/ அரசுக்கு: பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த தமிழ்நாட்டுல 2014-லயே சட்டம் இருக்கு. லைசென்ஸ் இருக்கான்னு பாக்குறதோட, தண்ணித் தொட்டியையும் சமையல்கட்டையும் அடிக்கடி போய்ப் பாருங்க. ஆண் பிள்ளைங்க தங்குற பிஜி-க்கும் அதே கண்டிப்பு வேணும். அவங்க கல்லீரலும் அதே கல்லீரல்தான். வேலைக்குப் போற பெண்களுக்குத் தோழி விடுதி இருக்குற மாதிரி இன்டர்ன்ஷிப் வர்ற எல்லாப் பிள்ளைங்களுக்கும் விடுதி வேணும்.

28/ அப்பா அம்மாவுக்கு: போன்ல "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ கண்ணு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி "இன்னிக்கு என்ன சாப்பிட்ட?"ன்னு கேளுங்க. அனுப்புறதுக்கு முன்னாடி ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு தடுப்பூசி பத்தி உங்க டாக்டர்கிட்ட பேசுங்க. ஹீமோகுளோபின் ஒரு தடவை பாருங்க.

29/ தம்பி தங்கச்சிகளுக்கு: கேன் தண்ணின்னு நம்பாதீங்க, கொதிக்க வெச்ச தண்ணி குடிங்க. காய்ச்சல் ரெண்டு நாளுக்கு மேல போனா பக்கத்துல இருக்குற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க, காசு கேக்க மாட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா சளிப் பரிசோதனை. தூக்கம் போய், எதுலயும் மனசு ஒட்டாம, வாழவே பிடிக்கலைன்னு தோணுச்சுன்னா 14416-க்கு போன் பண்ணுங்க. டெலி மானஸ், எந்நேரமும், இலவசம், தமிழ்லயே பேசலாம்.

30/ ஒரு சர்டிபிகேட்டுக்காகக் காய்ச்சலோட ஆபீஸ் போகாதீங்க. அந்தக் காகிதத்தை அடுத்த வருஷம் கூட வாங்கிக்கலாம். இதைப் படிக்கிற கம்பெனிக்காரங்க, காலேஜ்காரங்க யாராவது பதில் சொல்லணும்னு நினைச்சா ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் சொல்லுங்க: உங்க சொந்தப் பிள்ளையை, கையில காசு குடுக்காம, ஆறு மாசம் இப்படி அனுப்புவீங்களா?