திறப்பை வாங்க முன் வீட்டைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், அடுத்தவருக்கு வீடு கட்டிக் கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களும் பொறுமையாக வாசித்தால் போதும்.

நாவுல பக்கம் என்றில்லை, மாத்தளையிலிருந்து தம்புள்ளை வரைக்கும் நம்மவர்களின் வீடு ஒன்று முடியும் கட்டத்துக்கு வந்தால் முதலில் நடப்பது திகதி வைப்பது. ஓகஸ்ட் லீவு, இல்லாவிட்டால் டிசம்பர் லீவு, இல்லாவிட்டால் நோன்புக்கு முதல் வாரம். ஹஸ்ரத்துக்குச் சொல்லியாயிற்று, சாப்பாட்டுக்கு ஓடர் கொடுத்தாயிற்று, கட்டாரில் இருக்கும் மகன் டிக்கட் போட்டாயிற்று. இதற்குப் பிறகு பாத்ரூம் தண்ணீர் வாசல் பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்து என்ன பிரயோசனம்? "குடி போன பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று வீட்டுக்காரர் சொல்வார். மேசன் பாஸும் அதையேதான் சொல்வார். மிச்சக் காசும் கைக்குப் போய்விட்டால் பாஸ் போன் எடுக்கமாட்டார். எடுத்தாலும் வேறு ஊரில் வேலை என்பார். அவரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது, அடுத்த வீட்டுக்காரரும் ஒரு திகதி வைத்திருப்பார்தானே.

எமது அபிப்பிராயம் இதுதான்: வீட்டில் யார் இருக்கப்போகிறாரோ அவர் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, குறையை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் குறை தீரும்வரை கடைசிக் காசும் போகக்கூடாது, குடிபுகும் திகதியும் வைக்கக்கூடாது. சொந்தக் காசில் கட்டிய வீட்டுக்கு இது எவ்வளவு அவசியமோ, தர்மமாகக் கொடுக்கும் வீட்டுக்கு அதைவிட அவசியம்.

வீட்டைப் பார்ப்பதற்கு இன்ஜினியர்தான் வேண்டும் என்றில்லை. பாதி விசயத்துக்கு ஒரு வாளி தண்ணீரும் ஒரு பத்து ரூபாய்க் குத்தியும் போதும். பாத்ரூம் தரையில் தண்ணீரை ஊற்றினால் அது தானாகவே குழாய் வாய்க்குப் போக வேண்டும், மூலையில் தேங்கக்கூடாது. பிறகு அந்த வாயைத் துணியால் அடைத்து ஒரு இரவு தண்ணீரைக் கட்டி வையுங்கள். காலையில் அடுத்த அறைச் சுவரின் அடியில் ஈரம் ஏறியிருந்தால் டைல்ஸுக்குக் கீழே வேலை சரியில்லை. குத்தியால் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். உள்ளே சீமெந்து நிரம்பியிருந்தால் ஒரு சத்தம், வெறுமையாக இருந்தால் வேறு சத்தம், சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். தண்ணீர்த் தாங்கியை நிரப்பி, இஷாவுக்குப் பிறகு எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு, மட்டத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சுபஹுக்கு எழும்பிப் பார்க்கும்போது மட்டம் இறங்கியிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, பெரும்பாலும் சுவருக்குள்.

கரண்டைப் பற்றித்தான் நம்மவர்கள் கவலைப்படுவதே இல்லை. ட்ரிப் சுவிட்சில் சோதிப்பதற்கென்றே ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் முழு வீடும் அணைய வேண்டும். அணையாவிட்டால் அந்தச் சுவிட்ச் அழகுக்குத்தான் இருக்கிறது. எர்த் கம்பி மண்ணுக்குள் ஒழுங்காக இறங்கியிருக்கிறதா என்பதை வயரிங் பாஸ் மீற்றர் வைத்துக் காட்ட வேண்டும், வாயால் சொன்னால் போதாது. ஈரக்கையோடு தண்ணீர் மோட்டரைப் போடுவது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான்.

கூரைக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் பக்கம் ஓகஸ்டில் வெயிலும் காற்றும்தான், பெரிய மழை ஒக்டோபருக்குப் பிறகு. ஓகஸ்ட் லீவில் குடி போகும் வீட்டில் ஒழுக்கு எப்படித் தெரியும்? பகலில் எல்லாக் கதவையும் பூட்டி உள்ளே இருட்டாக்கி மேலே பார்த்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் வெளிச்சம் தெரியும். இரண்டு கூரை சேரும் பீலியில் ஹோஸ் பைப்பால் அரை மணித்தியாலம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அதுவும் முழு மாரிக்கு ஈடாகாது. ஆகவேதான் ஒரு பகுதிக் காசு மாரி முடியும்வரை நிற்க வேண்டும் என்கிறோம்.

வெடிப்பைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள், அது சில நேரம் தேவையில்லாத பயம். பூச்சில் மயிர் போல ஓடும் வெடிப்பு சீமெந்து காயும்போது வருவது. யன்னல் மூலையிலிருந்து சரிவாக மேலே ஏறுகிற வெடிப்பு, சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரிகிற வெடிப்பு, குத்தியின் விளிம்பு உள்ளே போகிற வெடிப்பு, இவற்றுக்கு மட்டும் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து காட்டுங்கள். புட்டி வைத்து பெயின்ட் அடித்தால் போய்விடும் என்று பாஸ் சொன்னால் நம்ப வேண்டாம், கண்ணுக்குத்தான் போகும்.

காசைப் பிடித்து வைப்பது பாவம், வேலை செய்தவன் வியர்வை காய முன் கூலியைக் கொடுக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். கூலியாட்களின் நாட்கூலி வேறு, கொன்ரக்ட் காசின் கடைசிப் பகுதி வேறு. அரச பாடசாலைக்கு ஒரு கட்டடம் கட்டினாலும் கொன்ரக்ட்காரரின் காசில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, குறை திருத்தும் காலம் முடிந்த பிறகுதான் கொடுப்பார்கள். அது ஆரம்ப ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். யாரும் அதை அநியாயம் என்று சொல்வதில்லை. நமது வீடுகளில் மட்டும் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல், "நம்ம ஆள்தானே" என்று இலட்சக் கணக்கில் கொடுக்கிறோம். ஆரம்பத்திலேயே இரண்டு பேரும் பேசி எழுதிக்கொண்டால் பாஸுக்கும் மனக்கஷ்டம் இல்லை.

மார்க்கத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. குறை உள்ள பொருளை வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நமது ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்று தனியாகப் பேசுகின்றன. சந்தையில் தானியக் குவியலைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அதற்குள் கையை விட்டுப் பார்த்ததும், உள்ளே ஈரம் இருந்ததும், மழை பட்டுவிட்டது என்ற வியாபாரியிடம் அதை ஆட்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டதும் நாம் ஜும்ஆவில் பல தடவை கேட்டது. விற்பவருக்கான பாடமாகத்தான் அதைச் சொல்வார்கள். கையை உள்ளே விட்டுப் பார்த்ததும் அந்தச் சம்பவத்தில்தான் இருக்கிறது.

இனி முக்கியமான விசயத்துக்கு வருவோம். ஸகாத் காசிலும், வெளிநாட்டு உதவியிலும் விதவைகளுக்கும் வறியவர்களுக்கும் வீடு கட்டிக் கொடுப்பது அல்ஹம்துலில்லாஹ் பல ஊர்களில் நடக்கிறது. திறப்பு கொடுக்கும் நாளில் பெனர், படம், பேச்சு. அந்தத் தாத்தா வீட்டுக்குள் முதல் தடவை கால் வைப்பதே கெமராவுக்கு முன்னால்தான். அந்த நேரத்தில் அவர் கதவு பூட்டுப்படவில்லை என்று சொல்வாரா? எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் குசினிக்குப் புகை போக வழியே இல்லை. காஸ் அடுப்பு என்று நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். காஸ் வாங்க வசதியில்லாதவருக்குத்தானே வீடு கொடுத்தது! இரண்டு வருடமாக அவர் வெளியில் தகரம் அடித்து விறகில் சமைக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "தந்த வீட்டில குறை சொன்னா நன்றி கெட்டவள் என்பாங்களே மாஸ்டர்" என்றார். நன்றியைக் காட்டி வாயை அடைக்கிற வேலையை நாம் நிறுத்த வேண்டும்.

குறை சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு வடக்கில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. யுத்தத்தில் வீடிழந்தவர்களுக்கு 65,000 உருக்கு வீடுகள் என்று அப்போதைய மீள்குடியேற்ற அமைச்சு 2016 அளவில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கட்டப்போவது ஆர்செலோர் மித்தல் என்ற பெரிய உருக்குக் கம்பனி. ஒரு வீட்டுக்கு 20 இலட்சத்துக்கும் மேல், உள்ளே தளபாடம், தொலைக்காட்சி எல்லாம் சேர்த்து. யாழ்ப்பாணத்தில் மாதிரி வீடுகளைக் கட்டிக் காட்டினார்கள். மாதிரி வீடு இருந்தபடியால் சனங்கள் போய்ப் பார்த்தார்கள், மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்களும் பார்த்தார்கள். அத்திவாரம் போதாது, விறகு அடுப்பு வைக்க இடமில்லை, பிறகு ஒரு அறை சேர்த்துக் கட்ட வசதியில்லை, வெப்பம் தாங்காது என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அதே காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாம் என்று கணக்குக் காட்டினார்கள். 65,000 என்ற அந்தத் திட்டம் அந்த வடிவில் நடக்கவே இல்லை. வீடே இல்லாமல் தகரக் கொட்டிலில் இருந்தவர்கள்தான் இந்த வீடு சரிவராது என்று சொன்னார்கள். அவர்களை நன்றி கெட்டவர்கள் என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

அதே வடக்கு கிழக்கில் இந்திய வீட்டுத் திட்டம் வேறு விதமாக நடந்தது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், அதுவும் பயனாளியின் கணக்குக்கே, கட்டம் கட்டமாக. அத்திவாரத்தைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்த பிறகு அடுத்த கட்டக் காசு. காசு போதாமல் கடன்பட்டவர்கள் அதில் நிறையப் பேர், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் சாந்து எப்படிக் குழைத்தார்கள், கம்பி எத்தனை வைத்தார்கள் என்பது வீட்டுக்காரிக்குத் தெரியும். அவள்தான் பக்கத்தில் நின்றவள்.

நுரைச்சோலையை நினைக்காமல் இந்த விசயத்தை நம்மால் எழுத முடியாது. சுனாமியில் பாதிக்கப்பட்ட நம்மவர்களுக்காக சவூதி உதவியில் அக்கரைப்பற்றுப் பக்கம் கட்டிய 500 வீடுகள். வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், பல ஆண்டுகள் ஒருவரும் குடியேறாமல் பற்றைக்காட்டுக்குள் நின்றன. அதன் அரசியலை எழுதினால் இன்னொரு பதிவு வேண்டும். ஆள் இல்லாத வீடு சும்மா நிற்பதில்லை. கறையான் ஏறும், கம்பி துருப்பிடிக்கும், கதவும் யன்னலும் களவு போகும். அப்படி நின்ற வீட்டை எவருக்குக் கொடுத்தாலும், விழாவுக்கு முதல் அந்தக் குடும்பத்தை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அரச கடதாசிகள் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டி முடித்த வீடு அனுமதித்த பிளானின்படி இருக்கிறது என்று உள்ளூராட்சி சபை கொடுக்கும் கொன்போமிட்டி சான்றிதழ் இல்லாமல் குடியிருக்கக் கூடாது என்பது 1915 ஆம் ஆண்டின் வீடமைப்புக் கட்டளைச் சட்டக் காலத்திலிருந்து வரும் விதி. பேங்க் லோன் எடுக்கும் நாள்வரை நம்மவர்களுக்கு அது ஞாபகம் வருவதில்லை. மாத்தளை மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம் என்றபடியால் மலைச் சரிவில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் தேவை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்து போன பிறகு அதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் இந்த இரண்டு கடதாசியும் பாத்ரூம் டைல்ஸைத் தட்டிப் பார்க்காது. அது நமது வேலை.

பள்ளி நிர்வாகங்களிடமும் ஸகாத் கமிட்டிகளிடமும் கேட்பது பெரிய காரியம் இல்லை. பிளான் போட முதல் அந்தத் தாத்தாவிடம் விறகா காஸா என்று கேளுங்கள். திறப்பு விழாவுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முதல், கெமரா இல்லாமல், கமிட்டிப் பெரியவர்கள் இல்லாமல், அவரையும் வீட்டு விசயம் தெரிந்த ஒரு பெண்ணையும் உள்ளே அனுப்புங்கள். அவர் சொல்வதை அந்தப் பெண் எழுதட்டும், எழுத்து வாசிப்பு குறைந்தவர் என்றால் வொய்ஸாகப் பதிந்து எடுக்கட்டும். பாஸுடைய காசில் பத்தில் ஒரு பங்கு மாரி முடியும்வரை கமிட்டியிடம் நிற்கட்டும், அதைக் கொன்ரக்ட் பேசும் நாளிலேயே அவருக்குச் சொல்லிவிடுங்கள். பெனர் அடிப்பவரிடம் திகதியை வெறுமையாக விடச் சொல்லுங்கள், குறைப் பட்டியல் முடிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.