கையால் குவித்தால் கலை, விசைப்பொறி குவித்தால் கொலையா?



"பழைய வில்லையைக் கையால் திருகிக் குவியப்படுத்துபவனே ஒளிப்படக் கலைஞன். அதற்கு விசைப்பொறி வைத்த இணைப்பு வளையம் மாட்டுபவன் கலையைக் கொலை செய்கிறான்!"

ஒளிப்பட ஆர்வலர்கள் சிலர் இப்படியொரு தீர்ப்பை ஊர் ஊராக வழங்கி வருகின்றனர். தமிழ்ப்பள்ளி ஆசிரியன் என்ற முறையில் இதனை வன்மையாக மறுக்கிறேன்.

முதலில் அந்த வளையம் என்னவென்று பார்ப்போம். ஆடியில்லாத மிரர்லெஸ் படக்கருவிகளில் வில்லை பொருந்தும் இடத்திற்கும் உணரிக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு. சோனி இ வகையில் அது 18 மில்லிமீட்டர். லைக்கா எம் வில்லைக்குத் தேவையானதோ 27.8 மில்லிமீட்டர். எஞ்சும் 9.8 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு சிறு விசைப்பொறியை அமைத்து, வில்லை முழுவதையும் முன்னும் பின்னும் நகர்த்தச் செய்தனர். டெக்கார்ட் நிறுவனம் 2016இல் வெளியிட்ட வளையம் இத்தகையது. வில்லை நகரும் தொலைவு வெறும் 4.5 மில்லிமீட்டர். பழைய நிக்கான், மினோல்டா வில்லைகளை மாட்ட வேண்டுமானால், இடையில் இன்னொரு சாதாரண வளையம் போதும்.

இனி அவர்களின் வாதங்களுக்கு வருவோம்.

வாதம் ஒன்று: "பழைய வில்லையின் அழகு கெட்டுவிடும்."

எப்படிக் கெடும்? இந்த வளையத்தில் கண்ணாடித் துண்டு ஒன்றுகூட இல்லை! நிறமும் மென்மையும் பின்னணி மங்கலும் வில்லையின் கண்ணாடியால் வருபவை. திருகும் விரல்களால் வருபவை அல்ல.

வாதம் இரண்டு: "மின்னணு உதவி பெறுவது தூய கலை ஆகாது."

நல்லது. இதனைச் சொல்லும் அன்பர்கள் தங்கள் படக்கருவியின் திரையில் காட்சியைப் பெரிதாக்கிப் பார்க்காதவர்களா? குவிந்த விளிம்புகளில் வண்ணக் கோடு காட்டும் வசதியைப் பயன்படுத்தாதவர்களா? அதுவும் மின்னணு உதவிதானே! கோடு காட்டினால் கலை, வில்லையை நகர்த்தினால் கொலை என்பது எந்த ஊர் நியாயம்?

வாதம் மூன்று: "இது நேற்று முளைத்த விளையாட்டுப் பொருள்."

வரலாறு அறியாதவர் பேச்சு இது. மினோல்டா 7000 தானியங்கிக் குவியத்தோடு 1985இல் வந்து சந்தையையே மாற்றியது. கைக்குவிய வில்லைகளைக் கைவிட மனமில்லாமல், 1996இல் காண்டாக்ஸ் ஏ.எக்ஸ். என்னும் படக்கருவி வந்தது. அதில் வில்லை நகராது. உள்ளே படச்சுருள் இருக்கும் பகுதியே முன்பின் நகர்ந்து குவியப்படுத்தும். ஆகவே, பழைய வில்லைக்குப் புதுப் பார்வை கொடுக்கும் எண்ணம் 1996இலேயே பொறியாளர்கள் மனத்தில் இருந்தது.

சரி, இதில் தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கு என்ன அக்கறை?

மண்டபத்தில் பரிசளிப்பு விழா. மங்கிய விளக்கொளி. 50 மில்லிமீட்டர் வில்லையை எஃப் 1.4 அளவில் முழுதாகத் திறந்து, இரண்டு மீட்டர் தொலைவில் நிற்கும் மாணவியைப் படமெடுக்கிறோம். தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 13 செண்டிமீட்டர் மட்டுமே. அவள் அரை அடி முன்னே வந்தால் முகம் மங்கிவிடும். நாற்பதைக் கடந்து வெள்ளெழுத்து வந்த கண்களோடு, காட்சியைப் பெரிதாக்கி, திருகி, சரிபார்த்து முடிப்பதற்குள் அவள் மேடையை விட்டே இறங்கிவிடுவாள். அந்தச் சிரிப்பை மீண்டும் கேட்டுப் பெற முடியுமா?

ஸ்கூடாய் வட்டாரத்தைப் பாருங்கள். இரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகள். 2006இல் இஸ்கண்டார் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய பின்னர் மாற்றம் இன்னும் விரைந்தது. தோட்டங்கள் மறைந்தபோது அந்த வாழ்க்கையின் ஒளிப்படங்கள் எத்தனை நம் கையில் எஞ்சின? நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் இன்றைய வாழ்வையாவது தெளிவாகப் பதிவு செய்ய வேண்டாமா? விலையுயர்ந்த புதிய வில்லை வாங்க எல்லா ஆசிரியருக்கும் வசதியில்லை. ஆனால், அப்பா காலத்து வில்லை பல வீடுகளில் அலமாரியில் பூசணம் பிடித்துக் கிடக்கிறது. ஒரே வளையம் அவற்றுள் பலவற்றை மீண்டும் பணிக்கு அழைக்கும்.

குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். 4.5 மில்லிமீட்டர் நகர்வு 50 மில்லிமீட்டர் வில்லையை முடிவிலியிலிருந்து ஏறத்தாழ 60 செண்டிமீட்டர் வரை குவிக்கும். 135 மில்லிமீட்டர் வில்லைக்கோ நான்கு மீட்டருக்கு மேல் நெருங்க முடியாது. அதைவிட அருகில் வேண்டுமானால் வில்லையைக் கையால் சற்றுத் திருகி வைத்துக்கொள்ள வேண்டும். எடை மிகுந்த வில்லையை அந்தச் சிறு விசைப்பொறி தாங்காது. ஒளித்துளையை மிகவும் சுருக்கினால் குவியம் தடுமாறும். நெருங்கிய காட்சிக்காக உள்வில்லைகள் தனியே நகரும்படி அமைந்தவற்றில், மொத்தமாக நகர்த்தும்போது ஓரங்களின் தரம் குறையலாம். ஓட்டப்பந்தயத்தில் பாய்ந்து வரும் மாணவனைப் பின்தொடர்வதில் புதிய வில்லைகளோடு இது போட்டியிட முடியாது. இவற்றை அறிந்தே வாங்குங்கள்.

கையால் குவியப்படுத்தும் திறனை நான் இகழவில்லை. மாணவர்களுக்கு முதலில் அதனைத்தான் கற்பிக்க வேண்டும். தொலைவும் ஆழமும் விரல்வழியேதான் புரியும். நிலைத்து நிற்கும் கோபுரத்தைப் பொறுமையாகத் திருகிப் படமெடுப்பதில் தனி இன்பம் உண்டு. அந்த இன்பம் உங்களுக்கு உரியது, மறுக்கவில்லை. ஆனால், உங்கள் இன்பத்தைப் பிறருக்குச் சட்டமாக்காதீர்கள்.

மூக்குக்கண்ணாடி அணிந்து திருக்குறள் படிப்பவரை "நீ படித்தது குறளே அல்ல" என்று எவரேனும் சொல்வதுண்டா? படத்தில் பார்க்க வேண்டியது அந்தப் பிள்ளையின் முகத்தை. எடுத்தவரின் விரலை அல்ல.

அலமாரியைத் திறவுங்கள் ஆசிரியப் பெருமக்களே! வில்லையைத் துடையுங்கள். கையால் முடிந்தால் கையால் குவியுங்கள். முடியாவிட்டால் வளையம் மாட்டுங்கள். நம் பிள்ளைகளின் முகங்கள் மங்காமல் பதிவாகட்டும்!